ஆடிப்பெருக்கில் அளந்த கதை

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் மரக்காலால் நெல் அளந்த காலம் மலையேறிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அளப்பது நிற்கவில்லை. 32 வயதாகும் என் மகன் காசுக்காகவோ தப்பிப்பதற்காகவோ பொய் சொல்பவன் அல்லன். உண்மை சப்பென்று இருக்கிறதே என்ற இரக்கத்தில் சொல்பவன்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்களே, அதுபோல அவன் பேச்சையும் ஒருநாள் காயவைத்த பிறகே நம்புவது என்று நானும் மனைவியும் பழகிக்கொண்டோம். "பாபநாசம் தாண்டிவிட்டேன், இலையைப் போடுங்கள்" என்று அவன் கைப்பேசியில் சொல்லும்போதே, பின்னால் நடத்துநர் "செங்கிப்பட்டி எல்லாம் இறங்கு" என்று கத்துவது கேட்கும். மனைவி மறுபேச்சின்றி அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போய்விடுவாள்.

சென்ற மாதம் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்திருந்தார்கள். டிகிரி காபி பாதி டம்ளர் இறங்குவதற்குள், 2012-ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கன்று காவிரி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட இரண்டு சிறுவர்களைத் தான் நீந்திக் காப்பாற்றியதை அவன் கைகளை வீசிச் சொல்லத் தொடங்கிவிட்டான். குளத்தில் இரண்டாம் படிக்குக் கீழே இறங்காத பிள்ளை! பெண்ணின் தாய்மாமா மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லாதது என் பிழைதான்.

அவர் டவராவை நிதானமாகக் கீழே வைத்தார். "தம்பி, அந்த வருஷம் மேட்டூரைத் திறந்ததே செப்டம்பர் 17-ஆம் தேதி. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் மணல்தான் கிடந்தது. நீங்கள் எதில் நீந்தினீர்கள்?"

என் மனைவியின் பார்வை முறுக்குத் தட்டை விட்டு நிமிரவில்லை. மகனோ இமைகூட அசைக்காமல், "நான் சொன்னது கொள்ளிடம், மாமா" என்றான்.

"காவிரியே காய்ந்து கிடந்தபோது, உபரி வெள்ளம் போகிற கொள்ளிடத்துக்கு எங்கேயிருந்து தண்ணீர் வந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண்ணும் சிரித்துவிட்டதால் சம்பந்தம் பிழைத்தது. தை மாதத்தில் முகூர்த்தம்.

மறுவாரம் அவன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வெள்ளத்தில் அன்று காப்பாற்றப்பட்டவர்கள் இப்போது மூன்று பேர் ஆகியிருந்தார்கள். மூன்றாமவர் ஒரு லஸ்கர்.