பொங்கலுக்கு நெருப்பு மூட்டக்கூடாதாம்

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் கைத்தொலைபேசியில் ஓர் அறிவித்தல் வந்தது. அன்று நள்ளிரவு தொடக்கம் மறுநாள் நள்ளிரவு வரை எங்கள் பகுதியில் காட்டுத்தீ அபாயமாம், வெட்டவெளியில் நெருப்பு மூட்ட முழுத் தடை. அம்மா முற்றத்தில் குந்தியிருந்து மூன்று செங்கல்லையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று மறுபடியும் கேட்டார். நண்பகலில் சூரியன் வடக்கில் நிற்கிற அவுஸ்திரேலியாவில் கிழக்கையும் நம்ப முடியாது என்பது அவருடைய கட்சி.

"நாளைக்கு வெளியில் பொங்க முடியாது அம்மா."

"ஏன், யாருக்கும் துடக்கா?"

துடக்கு இல்லை, சட்டம் என்றேன். அம்மா செங்கல்லைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். அகதி முகாமில் பால்மா டின்னில் பொங்கியிருக்கிறோம். மழை கொட்டினால் இரண்டு பேர் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் பானை பொங்கியிருக்கிறது. வெயில் எறிக்கிறது என்பதற்காக ஒருவர் சூரியப் பொங்கலை நிறுத்துவார் என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை.

கடைசியில் குசினிக்குள் காஸ் அடுப்பில் பொங்கினோம். பால் வழிந்து அடுப்பை அணைத்தது. கூரையில் இருந்த புகை அலாரம் வீடே அதிரக் கத்தியது. வெடி கொளுத்த வழியில்லாத பொங்கலுக்கு அதுதான் வெடி என்று என் கணவர் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

போன தைக்குத் தடை இருக்கவில்லை, விதி மட்டும் இருந்தது. ஒழுங்காகக் கட்டிய அடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிலத்தை வெட்ட வேண்டும். சுற்றிவர 3 மீற்றருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது. காற்று மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் வீசக்கூடாது. இவர் மண்வெட்டியோடு நின்றதை வீடியோவில் பார்த்த அம்மா, "நல்ல நாளில் ஏன் குழி வெட்டுகிறீர்கள்?" என்று ஊரிலிருந்து ஏசினார். இந்த முறை நேரில் வந்து ஏசுகிறார்.

விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ நகரத்துக்கு வெளியே, காட்டோரமாக எங்கள் வீடு. மெல்பேர்னில் டன்டினோங் பக்கம் இருந்திருந்தால் கறிவேப்பிலையும் கோயிலும் கிட்ட. ஆனால் அந்த வாடகை எங்களுக்குக் கட்டாது. இவருக்கு இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில். ஊன்றிவிட்டோம் என்று யாரிடமாவது சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு தை பிறந்துவிடும். தை என்றால் எனக்கு இன்னும் வெள்ளம் வடிந்த வரம்பும், நிரம்பிக் கிடக்கும் வாவியும், முற்றுகிற கதிரும்தான். உடம்பைக் காயவைக்கிற கச்சான் காற்று வைகாசி, ஆனியில் அல்லவா எழும்ப வேண்டும்? இங்கே அது தையில், வடக்கிலிருந்து, நடுநாட்டுப் பாலைவனத்துச் சூட்டையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவர்களுக்குக் காடு எரிவது புதினமில்லை. மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்க வேண்டுமென்று யாராவது கொளுத்திவிடுவார்கள். தாந்தாமலைப் பக்கம் இரவில் சிவப்பாக ஒரு கோடு ஊர்வது தெரியும். தீ புல்லோடு ஓடிப்போய்விடும். பாலையும் முதிரையும் அடி கருகி அப்படியே நிற்கும். இந்த நாட்டு மரம் வேறு சாதி. யூக்கலிப்டஸ் இலை முழுக்க எண்ணெய், நாம் தடிமனுக்கு ஆவி பிடிக்கிற அதே எண்ணெய். சில இனங்களில் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும். அது பற்றிக்கொண்டால் காற்றில் எழும்பி, தீக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுந்து புதிதாக மூட்டும். கறுப்புச் சனி என்று இங்கே சொல்கிற 2009 பெப்ரவரி 7 அன்று பொறி 30 கிலோமீற்றருக்கு அப்பாலும் போய்ப் பற்றியது. மெல்பேர்னில் அன்றைய வெப்பம் 46.4 பாகை செல்சியஸ். 173 பேர் செத்தார்கள். 2,000க்கு மேற்பட்ட வீடுகள் போயின. பெண்டிகோவின் மேற்குப் புறமும் அன்று எரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வடக்குக் காற்று எழும்பினால் வெளியே வந்து மூக்கை உயர்த்தி மணந்து பார்க்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல் இருந்த எங்களுக்கு முதலில் வந்தது புல்லைப் பற்றிய கடிதம். எங்கள் காணியில் புல் 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்திருக்கிறதாம். குறித்த திகதிக்குள் வெட்டாவிட்டால் தாங்களே ஆள்விட்டு வெட்டி, செலவையும் தண்டத்தையும் எங்களிடம் அறவிடுவார்களாம். உள்ளூர்ச் சபை அச்சடித்து அனுப்பியிருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் மாவட்டத்து மயிலத்தமடுவில் மேய்ச்சல் தரை பறிபோகிறதென்று பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் பந்தல் போட்டுக் குந்தினார்கள். அந்தப் பந்தலில் எங்கள் சொந்தக்காரரும் உண்டு. புல் இல்லையென்று அங்கே போராட்டம், புல் வளர்ந்ததற்கு இங்கே தண்டம். "ஒரு பட்டி மாட்டை அவிழ்த்துவிட்டால் முடிந்தது" என்றார் அம்மா. அது உண்மைதான். பக்கத்துக் காணிக்காரர் செம்மறி வைத்து அதைத்தான் செய்கிறார்.

மாடு இல்லாத குறைக்கு அம்மா விளக்குமாற்றை எடுத்தார். விடியற்காலையில் சர்ர், சர்ர் என்று முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டு நான் கொக்கட்டிச்சோலையில் கண் விழித்து, பெண்டிகோவில் எழும்பினேன். ஒரு சருகு கிடந்தால் அவருக்கு ஆகாது. வீட்டைச் சுற்றியிருந்த காய்ந்த புல், மரச்சீவல், முந்தைய சொந்தக்காரர் சன்னலுக்குக் கீழே நட்டிருந்த பற்றை எல்லாவற்றையும் வழித்தெடுத்து, ஊர் வளவு போல வெறும் தரையாக்கிவிட்டார். அழகாக இருந்த இடத்தை மொட்டையடித்துவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

பிறகு ஒரு நாள் சி.எஃப்.ஏ. என்று எல்லோரும் சொல்கிற கிராமப்புறத் தீயணைப்புப் படையின் தொண்டர் ஒருவர் வந்தார். ஆட்டுப் பண்ணை நடத்தி ஓய்ந்த பெண்மணி, அம்மாவின் வயதுதான் இருக்கும். வீட்டைச் சுற்றி நடந்தார். அம்மாவின் தரையில் நின்று, இதைவிட நல்ல பாதுகாப்பு இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் இல்லை என்றார். வீடுகள் பெரும்பாலும் சுவாலை வந்து தொட்டு எரிவதில்லை, பறந்து வரும் பொறிதான் முதலில் பற்றவைக்கிறது என்று விளங்கப்படுத்தினார். காட்டுக்கு அருகிலிருக்கிற பழைய வீடுகளுக்கு 10 மீற்றருக்குள் மரத்தையும் 30 மீற்றருக்குள் மற்றச் செடிகொடியையும் அனுமதி எடுக்காமலே வெட்டலாம் என்று ஒரு விதி இந்த மாநிலத்தில் இருக்கிறதாம். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அம்மாவின் நாடி மேலே எழும்பியது.

ஆனால் அந்தப் பெண்மணி வீட்டுப் பக்கம் திரும்பியதும் புகழ்ச்சி நின்றுவிட்டது. ஏணி வைத்து ஏறிக் கூரையோரத்து மழைநீர்ப் பீலிக்குள் கை விட்டார். ஒரு பிடி காய்ந்த இலை வந்தது. காஸ் சிலிண்டரின் வால்வு சுவரைப் பார்த்து நின்றது. சூடேறி வால்வு திறந்தால் வீட்டுக்குள்தான் ஊதும், வெளிப்பக்கம் திருப்புங்கள் என்றார். வாசலில் ஊரிலிருந்து கொண்டுவந்த தும்புக் கால்மிதி. தீ நாளில் அது உள்ளே போக வேண்டும். நிமிர்ந்தார். நிலையில் போன பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம். விரல் நுனியால் தொட்டார், ஓர் இலை பொடிந்து அவருடைய சட்டையில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வானத்தைப் பார்த்தார்.

அதுவரைக்கும் எல்லாம் சுமுகம். அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் ஓயாத சண்டை.

தீ அபாயத்தை இங்கே நான்கு படிகளில் அறிவிப்பார்கள்: மிதமானது, உயர்ந்தது, அதிதீவிரம், பேரழிவு. கடைசிப் படி அறிவித்தால் எந்த வீடும் தாங்கும் என்று எண்ணக்கூடாது, முதல் நாள் இரவோ அன்று விடியவோ கிளம்பிவிட வேண்டும். அதற்கு முந்திய படிக்கே, உங்களைப் போல் நீர்ப்பம்பியும் தாங்கியும் பழக்கமும் இல்லாதவர்கள் கிளம்புவதுதான் நல்லது. புகை தெரியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள்.

"ஒன்றும் நடக்காமலே போவதா?" என்றார் அம்மா. "வீட்டை விட்டுவிட்டா?"

அம்மா அப்படிக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது, அந்தப் பெண்மணிக்குத்தான் அது விளங்க வழியில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்வழி. அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தார், அம்மா அக்காவுக்குக் கொடுத்தார், மாப்பிள்ளைமார்தான் வந்து சேர்கிறவர்கள். 2007 பங்குனியில் ஷெல்லடிக்குள் படுவான்கரையே பெயர்ந்தது. மண்முனைத்துறையில் வாவி கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்துநின்று, உலையில் போட்ட அரிசியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது சுவர் இருந்தது. கதவு இல்லை, கதவு நிலை இல்லை, சன்னல் இல்லை, ஓடு பாதி இல்லை, கிணற்றடியில் கப்பியும் இல்லை. ஷெல் செய்யாததை ஆளில்லாத வீடு என்ற பெயர் செய்தது. அதற்குப் பிறகு அம்மா, செத்தவீட்டுக்குப் போவதென்றாலும் ஓர் ஆளை வீட்டில் விட்டுத்தான் போவார்.

அந்தப் பெண்மணியும் விட்டுக்கொடுக்கவில்லை. கறுப்புச் சனியில் செத்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் செத்தவர்கள் என்றார். ஒரு தடியை எடுத்து, அம்மா கூட்டிவைத்த முற்றத்தில் கோடு கீறினார். வடக்குக் காற்று தீயை இப்படி ஒடுக்கமாக, நீளமாகத் தள்ளும். பின்னேரம் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று திரும்பும். அப்போது இந்த நீளப் பக்கம் முழுவதும் முகப்பாகிவிடும். சனம் அப்பாடா என்று மூச்சு விடுகிற அந்த நேரம்தான் ஆகக் கொடியது. அம்மா கோட்டைப் பார்க்கவில்லை, கீறுப்பட்ட முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் முதல் வேலையாக அதைக் கூட்டி அழித்தார்.

எனக்குச் சுட்டது வேறு. தீ மிகக் கிட்ட வந்துவிட்டால் தொலைபேசிக்கு எப்படிச் செய்தி வரும் என்று ஒரு மாதிரி காட்டினார். வெளியேறும் நேரம் கடந்துவிட்டது, உடனே உள்ளே போய்ப் பாதுகாப்புத் தேடுங்கள் என்று இருந்தது. எங்கள் ஊரில் எப்போதுமே அந்த நேரம் கடந்த பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். அப்படித்தான் கிளம்புவது என்றும் நினைத்திருந்தோம். வானம் நீலமாக இருக்கும்போது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கார் பூட்டி இடப்பெயர்வு போகலாம் என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது சொகுசா, பரிகாசமா? இரண்டுமாகத்தான் எனக்குப் பட்டது.

திட்டம் எழுதித் தரச் சொல்லி ஒரு படிவம் விட்டுப்போனார். இரவு மேசையில் வைத்து நிரப்பினோம். என்ன அறிகுறி கண்டால் கிளம்புவீர்கள் என்று ஒரு கேள்வி. "பக்கத்து வீட்டார் கிளம்பினால்" என்றார் அம்மா, யோசிக்காமல். ஊரில் அது பிழைக்காத கணக்கு. இங்கே பக்கத்து வீட்டாரின் கூரையே மரத்துக்கு மேலால் கொஞ்சம்தான் தெரிகிறது. என்ன உடை என்ற கேள்விக்கு நைலோன் ஆகாது, உருகி ஒட்டும். பருத்தி அல்லது கம்பளி, நீளக் கை. அம்மாவிடம் மருதமுனைக் கைத்தறிச் சேலைகள் இருந்தன. அந்த ஓர் இடத்தில் மட்டும் முழுப் புள்ளி. எதை எடுத்துச் செல்வீர்கள் என்பதற்குப் பதிலே தேவைப்படவில்லை. அம்மா வந்த நாளிலிருந்தே கட்டிலுக்குக் கீழே ஒரு பை தயாராக இருக்கிறது: அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து, ஒரு டோர்ச் லைட், பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி. அது படுவான்கரைக் காணியின் உறுதி. இந்த வீட்டின் கடதாசி எங்கே என்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பொங்கல் கழிந்த கிழமை அதிதீவிரம் என்று அறிவித்தார்கள். காலையிலேயே கால்மிதியை உள்ளே எறிந்து, கதவு சன்னல் பூட்டி, அம்மாவைக் கைத்தாங்கலாக அல்ல, கிட்டத்தட்ட கைதாக ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய் நூலகத்தில் இருந்தோம். குளிரூட்டிக்குக் கீழே அம்மா பையை மடியில் வைத்து, ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குக் கேட்கும்படியாகச் செபித்தார். பின்னேரம் கண்ணாடிக்கு வெளியே மரங்கள் திடீரென்று மறுபக்கம் சாய்ந்தன. "காற்றுத் திரும்பிவிட்டது, குளிர்ந்துவிட்டது, எழும்பு மகள்" என்றார். கார்த் திறப்பை இவர் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா எடுத்தாள். அங்கே விடாமல் மழை, குளத்தின் வான்கதவு திறந்திருக்கிறார்கள், தண்ணீர் வளவுக்குள் வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி கிராம சேவகர் அறிவித்துவிட்டார், எப்படி வீட்டை விட்டுப் போவது என்றாள்.

"படியேறும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாயா?" என்று அம்மா நூலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "வெளிச்சத்தோடு கிளம்பு. பிள்ளைகளை முதலில் ஏற்று. பிந்தினால் போகவும் ஏலாது, இருக்கவும் ஏலாது."

"கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களே அம்மா."

"கதவு போனால் கதவு. நிலை போனால் நிலை. போ."

தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினார்.

"சரி, நாங்கள் வீட்டுக்குப் போவோம். இந்தக் காற்றுக்குப் பீலி நிறைய இலை விழுந்திருக்கும்."