ஊசி போடுகிற நானே இரண்டு முறை தள்ளிப்போட்டேன்

கொரோனா வார்டில் ஒன்பது மாதம் டியூட்டி பார்த்தவள் நான். பிபிஇ கிட்டைக் கழற்றினால் உள்ளே போட்டிருக்கும் உடையைப் பிழியலாம், அப்படி வேர்த்திருக்கும். தடுப்பூசி எப்போதுதான் வருமோ என்று தினமும் புலம்பியவளும் நான்தான். 2021 தொடக்கத்தில் அது வந்து, சுகாதாரப் பணியாளர்களுக்கே முதலில் என்று பட்டியல் போட்டு என் பெயரைக் கூப்பிட்டபோது, "அடுத்த வாரம் போட்டுக்கிறேன்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

எத்தனையோ பச்சிளம் குழந்தைகளுக்கு பிசிஜி போட்ட கை இது, தடுப்பூசி மேல் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. ஆனால் பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பூசி வர நாலு வருஷம் ஆனது, அதுவே அந்தக் காலத்தில் சாதனை. இது மட்டும் ஒரு வருஷத்துக்குள் எப்படி? நர்ஸ் இப்படிக் கேட்டால் சிரிப்பார்களோ என்று கூச்சமாகவும் இருந்தது. ஓய்வறையில் எல்லோரும் இதையேதான் கிசுகிசுத்தோம். சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையில் தேதியும் நேரமும் மட்டும் இருந்தன.

ஒரு நைட் டியூட்டியில் மயக்க மருத்துவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார், கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எங்களுக்கு வந்திருந்தது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஊசி. கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமியால் வரும் மெர்ஸ் நோய்க்காக அவர்கள் ஏற்கெனவே அதே முறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள், 2020 ஜனவரியில் கொரோனா கிருமியின் மரபணு வரிசை வெளியானதும் இந்தக் கிருமிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள் என்றார். ஒரு கட்ட சோதனை முழுசாக முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கியது, முடிவு வரும் முன்பே, வீணானாலும் போகட்டும் என்று உற்பத்தியை ஆரம்பித்தது, எல்லாம் சொன்னார். பத்து நிமிஷப் பேச்சுதான். மறுநாள் போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வாட்டி எடுத்தது, அடுத்த நாள் மதியம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் என்னையே தடுப்பூசி அறையில் போட்டார்கள். ஒரு குப்பியில் பத்து டோஸ், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆறு பேர் வந்து நின்றால் மீதி நாலு பேரைத் தேடி நான் வார்டு வார்டாக அலைவேன். அந்த அலைச்சலில்தான் யார் எதற்குத் தயங்குகிறார்கள் என்பதே எனக்குப் புரிந்தது. பாலூட்டும் சிஸ்டர் ஒருத்தி, "என்னைப் போன்றவர்களைச் சோதனையில் சேர்க்கவே இல்லையே" என்றாள். உண்மைதான், கர்ப்பிணிகளையும் பாலூட்டுபவர்களையும் முதலில் சேர்க்கவில்லை. அவளிடம் பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஒரு டாக்டர், தனக்குக் கொரோனா வந்து போய்விட்டது, எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று மாதக்கணக்கில் நழுவினார். அவரை மட்டும் யாரும் படிக்காதவர் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

அந்தப் பேச்சை வாங்கியவர்கள் தூய்மைப் பணியாளர்கள்தான். வார்டு கூட்டும் அக்காவிடம் ஊசி எப்படி வேலை செய்கிறது என்று விலாவாரியாக விளக்கினேன். துடைப்பத்தில் சாய்ந்து நின்றபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சிஸ்டர், காய்ச்சல் வந்தா நாளைக்கு லீவு குடுப்பாங்களா?" என்றார். ஒப்பந்த வேலை. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. நான் விளக்கிக்கொண்டிருந்ததற்கும் அவருடைய தயக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. மேலிடத்தில் பேசி, ஊசி போட்ட மறுநாளைச் சம்பளத்தோடு விட வைக்க மூன்று வாரம் ஆனது. கையெழுத்தான அன்று அக்கா எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரே வார்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டால் மறுநாள் டியூட்டிக்கு ஆளிருக்காது என்பதால் பிரித்துப் பிரித்துத்தான் போட்டோம்.

மார்ச்சில் மறுபடி இடி. ரத்தம் உறைகிறது என்று ஐரோப்பாவில் பல நாடுகள் அதே ஊசியை நிறுத்தி வைத்தன. இரண்டாம் டோஸுக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. புரளி என்று சொல்லிச் சமாளிக்கச் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. அது உண்மை, ஆனால் மிக மிக அரிது, கடும் தலைவலியோ கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் திரும்பிப் போனார்கள். பெரும்பாலானோர் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள்.

மூன்றாவது ஊசி வந்தபோது நானும் உடனே போடவில்லை. இந்த முறை காரணம் தெளிவு. பட்டியலில் என் பெயருக்கு நேரே, வார ஓய்வுக்கு முந்தின நாள் தேதியை நானே எழுதிக்கொண்டேன்.