கீழே என்ன எண்? நிகழ்தகவுக் கணக்கோடு மல்லுக்கட்டிய கதை

தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. சேர்ந்தபோது எனக்குப் பயமாக இருந்தது புள்ளியியல் தாள் ஒன்றுதான். பள்ளியோடு கணக்குக்கு முழுக்குப் போட்டவன் நான். சூத்திரங்களைப் படித்தால் புரிந்தது. நான்கு வரியில் ஒரு கணக்கைக் கொடுத்தால் எங்கே கை வைப்பது என்றுதான் தெரியவில்லை. அதனால் பல்கலைக்கழகப் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழ்நாட்டுப் பாடநூலை எடுத்தேன். பத்தாம் வகுப்பில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' கடைசி இயல். நிபந்தனை நிகழ்தகவும் (ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றுக்கான வாய்ப்பு) பேயீஸ் தேற்றமும் (விளைவைப் பார்த்துக் காரணத்தின் வாய்ப்பைக் கணிப்பது) பதினொன்றாம் வகுப்பில் வருகின்றன.

சீட்டுக்கட்டை வீட்டுக்குள்ளேயே விடாத குடும்பம் எங்களுடையது. 52 சீட்டு, 4 வகை, வகைக்கு 13, சிவப்பு 26, படம் போட்டது 12 என்று நெட்டுருப் போட வேண்டியிருந்தது. எனக்குக் கைகொடுத்தது தாயக்கட்டை. ஒரு கட்டையில் 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டு கட்டையை உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதற்கு ஒரே வழி, 1/16. தாயத்துக்கு இரண்டு வழி: இதில் 1 அதில் 0, அல்லது மாற்றி. ஆக 2/16, அதாவது 1/8. மூன்று விழ நான்கு வழி. கிடைக்கக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 1/7 என்று போடத் தோன்றும். ஆனால் பின்னத்தில் கீழே வர வேண்டியது 16. பாடநூலில் கூறுவெளியை, அதாவது விழக்கூடிய எல்லா விதங்களின் பட்டியலை, முழுதாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

அதன்பிறகு எந்தக் கணக்கானாலும் முதலில் கீழே வரும் எண்ணைத்தான் தேடினேன். பையில் 5 சிவப்புப் பந்து, 3 நீலப் பந்து. இரண்டு எடுக்க, இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு என்ன? எடுத்ததைத் திரும்பப் போட்டால் இரண்டாவது முறையும் கீழே 8, விடை 25/64. போடாவிட்டால் கீழே 7 ஆகிவிடுகிறது; 5/8 × 4/7 = 5/14. கேள்வியில் 'திரும்ப வைக்காமல்' என்று ஒரு ஓரத்தில் இருக்கும். அதைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.

'குறைந்தது ஒரு முறை' என்று வந்தால் நேராகப் போகக் கூடாது, ஒருமுறைகூட நடக்காததைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழிக்க வேண்டும். தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்றால், ஐந்து உருட்டலுக்குள் இறங்க வாய்ப்பு 1 − (7/8)⁵, கிட்டத்தட்ட 0.49. ஆறாவது உருட்டலில்தான் பாதியைத் தாண்டுகிறது. சின்ன வயதில் காய் இறங்காமல் பாதி ஆட்டம் உட்கார்ந்திருந்ததற்கு இப்போதுதான் கணக்கு கிடைத்தது! 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் வரும் பகடைக் கணக்கும் இதே ஜாதிதான். ஒரு பகடையை 4 முறை உருட்டி ஒரு 6-ஆவது விழ வாய்ப்பு 671/1296, பாதிக்குச் சற்று மேல். இரண்டு பகடையை 24 முறை உருட்டி ஒருமுறையாவது இரட்டை ஆறு விழ வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் கீழ்.

ரொம்ப நாள் இழுத்தடித்தது பேயீஸ். 100-இல் ஒருவருக்கு நோய். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பரிசோதனை சரியாகக் காட்டுகிறது. நோய் இல்லாதவர்களில் 5 சதவீதத்தினருக்கும் 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டுகிறது. 'இருக்கிறது' என்று வந்தவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு என்ன? தசமத்தை ஓரம்கட்டிவிட்டு 10,000 பேரை எடுத்துக்கொண்டேன். 100 பேருக்கு நோய், அதில் 90 பேருக்கு 'இருக்கிறது'. மீதி 9,900 பேரில் 495 பேருக்கும் 'இருக்கிறது'. இப்போது கீழே வருவது 10,000-மும் இல்லை, 100-உம் இல்லை; 90 + 495 = 585. விடை 90/585, அதாவது 2/13, சுமார் 15 சதவீதம். சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது, ஆனால் ஆட்களாக எண்ணினால் யார் எந்தப் பக்கம் என்பது குழம்புவதில்லை.

புள்ளியியல் பகுதி இவ்வளவு படுத்தவில்லை. தவறாகப் பதிவான எண்ணைத் திருத்தும் கணக்கு மட்டும் அடிக்கடி வரும். 20 மதிப்புகள், சராசரி 40, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 5. 30 என்பதை 50 என்று எழுதிவிட்டார்கள். கூடுதல் 800-இலிருந்து 780 ஆகும், சராசரி 39. வர்க்கங்களின் கூடுதல் 20 × (25 + 1600) = 32,500. அதில் 2,500 போய் 900 வந்தால் 30,900. அதை 20-ஆல் வகுத்து 39-இன் வர்க்கத்தைக் கழித்தால் 24. திட்ட விலக்கம் √24, சுமார் 4.9. வர்க்கங்களின் கூடுதலை முதலிலேயே மீட்டு எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் கூட்டல் கழித்தல்.

தேர்வில் பேயீஸ் கணக்கு ஒன்று வந்தது. 10,000 பேர் கணக்கை ரஃபில் போட்டு விடையைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் சூத்திர வடிவில் படிப்படியாக எழுதினேன். படிகளுக்கும் மதிப்பெண் உண்டே.