முதல் ஆசிரியர் ஒரு நிலம்

சிட்னியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். எழுதியவர் யார், எந்தத் துறை, எந்த இதழ், எந்த ஆண்டு. பார்ப்பவர்களுக்குக் குமாஸ்தா வேலைதான். ஆனால் பல பேருடைய பதவி உயர்வும் ஆய்வு மானியமும் அந்தப் பெயர் வரிசையில்தான் இருக்கின்றன. யார் பெயர் முதலில் என்பதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்த கதைகள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

அப்படிப்பட்ட இடத்தில்தான், 2016இல் அச்சான ஒரு புவியியல் கட்டுரையின் முதல் ஆசிரியராக 'பவாக்கா கன்ட்ரி' என்ற பெயரைப் பார்த்தேன். பவாக்கா ஆள் அல்ல. வட ஆஸ்திரேலியாவில், ஆர்னம் லேண்டின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும், யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களின் தாயகம். 'கன்ட்ரி' என்று அவர்கள் சொல்வது வெறும் நிலத்தை அல்ல. மண், கடல், காற்று, விலங்கு, மனிதர், பாட்டு எல்லாம் சேர்ந்த ஒன்று. படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி இந்த ஊர்ப் படிவங்களோடு சமாதானமாகிவிட்ட தமிழனுக்கு இது பழகிய தொல்லைதான். நிலத்துக்கு அப்பா பெயருக்கு எங்கே போவது? சில மேற்கோள் பட்டியல்களில் 'கன்ட்ரி, பி.' என்று, ஏதோ ஒரு பேராசிரியர் மாதிரியே இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருக்கும், யோல்ங்கு மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்த கூட்டுறவு 2006இல் தொடங்கியது. பவாக்காவில் ஒரு யோல்ங்கு குடும்பம் சுற்றுலா நடத்திவந்தது. மக்குவாரி பல்கலைக்கழகத்தின் சாண்டி சூச்செட்-பியர்சன், கேட் லாய்ட், நியூகாசில் பல்கலைக்கழகத்தின் சாரா ரைட் ஆகிய மூன்று புவியியலாளர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். யோல்ங்கு உலகில் முறை சொல்ல முடியாத ஆள் கிடையாது. வந்தவர்களையும் உறவுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். முறை வந்தால் கடமையும் வரும். மானியம் தீர்ந்தது என்று எழுந்து போய்விட முடியாது. சேர்ந்து முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்று, 2008இல் வந்த, பெண்களின் கூடை முடைதல் பற்றிய நூல். கோட்பாடு கனக்கும் கட்டுரைகள் அதற்குப் பிறகுதான். பெண்களின் பாடல்களைப் பற்றிய அவர்களது 2019ஆம் ஆண்டு நூல், மறு ஆண்டு பிரதமரின் இலக்கிய விருதைப் பகிர்ந்துகொண்டது.

என் கண் போனது ஆசிரியர் வரிசைக்கு. 2012, 2013 கட்டுரைகளில் ஆய்வாளர்கள் முன்னால் நிற்க, பவாக்கா கடைசியில் இருக்கிறது. 2015 வாக்கில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. வரிசையின் வாலிலிருந்து தலைக்கு வர, தொடங்கியதிலிருந்து ஒன்பது ஆண்டுகள். புரிந்துணர்வு ஒப்பந்தம், கையெழுத்து விழா, குழுப் புகைப்படம் இவற்றைவிட இந்த நகர்வை நான் நம்புகிறேன். பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்கத் தயங்கும் பொருள் எது என்பது இந்த வேலையில் இருப்பவனுக்குத் தெரியும்.

சக ஊழியர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இதெல்லாம் அலங்காரம். நிலம் உட்கார்ந்து டைப் அடித்ததா?" என்றார். பட்டியலில் இருக்கும் எல்லாப் பேராசிரியரும் டைப் அடித்தவர்களா என்று கேட்டேன். சிரித்தார், மாறவில்லை. அவர் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைக்கு இது ஒரு நாகரிகமாகி, போய்ப் பார்க்காத காட்டையெல்லாம் ஆசிரியராக்குகிறவர்கள் வரலாம். ஆனால் நான் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை பவாக்காவில் கிழங்கு தோண்டுவதை வைத்தே நகர்கிறது. எங்கே, எப்போது தோண்டுவது என்று சொல்லித்தருவது அந்த இடம்தான்.

இதில் எனக்கு உறைத்த இன்னொன்று உண்டு. 1971இல், அதே வட்டாரத்தில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கத்தை எதிர்த்து யிர்க்காலா என்ற ஊரின் யோல்ங்கு மக்கள் போட்ட வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்புச் சொன்னார். நிலம் இந்தக் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிட, குலம் நிலத்துக்குச் சொந்தம் என்று சொல்வதே எளிது என்பது அவர் கண்டது. ஆகவே சட்டப்படி சொத்துரிமை இல்லை. வழக்கில் அவர்களைத் தோற்கடித்த அதே உறவு, ஆய்விதழில் முதல் ஆசிரியர் இடத்தைப் பெற்றிருக்கிறது. சுரங்கம் என்னவோ வந்தேவிட்டது.

எங்கள் தரவுத்தளத்தில் பவாக்காவைக் கடைசியில் 'குழு ஆசிரியர்' என்று பதிந்தோம். ஆய்வாளர் அடையாள எண் தனிமனிதருக்கு மட்டும் என்பதால் அந்தக் கட்டம் காலி. இப்போதெல்லாம் ஏதாவது ஒரு துறை 'பூர்வகுடிச் சமூகத்தோடு நீண்டகாலக் கூட்டுறவு' என்று அறிக்கை அனுப்பினால், அவர்களுடைய பழைய கட்டுரைகளை ஆண்டு வரிசையில் எடுத்துப் பார்ப்பேன். பத்தாவது ஆண்டிலும் சமூகத்தின் பெயர் நன்றியுரையில்தான் இருக்கும், பெரும்பாலும்.