கர்ட் ஃப்ளட் தோற்ற வழக்கு

ஜனவரி 9

பொங்கல் வரைக்கும் வாசிப்பு கர்ட் ஃப்ளட் பற்றித்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 1958 முதல் 1969 வரை ஆடிய பேஸ்பால் வீரர். சென்டர் ஃபீல்டர், அதாவது வெளிக்களத்தின் நடுவில் நின்று, உயரப் பறந்து வரும் பந்துகளை ஓடிப் பிடிப்பவர். 1963இலிருந்து தொடர்ந்து 7 வருடம் கோல்டு க்ளவ், சிறந்த களத்தடுப்புக்கான விருது. 1966 சீசன் முழுக்க ஒரு பிழைகூட இல்லை. மட்டையும் சோடை போகவில்லை, மொத்த சராசரி .293, அதாவது பத்து முயற்சியில் கிட்டத்தட்ட மூன்று வெற்றி அடி.

சாம்பியனை முடிவு செய்யும் 1968 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் மட்டும் சறுக்கிவிட்டார். டெட்ராய்ட்டின் ஜிம் நார்த்ரப் அடித்த பந்துக்கு முதலில் முன்னால் ஓடினார். அது தலையைத் தாண்டிப் போனது. இரண்டு பேர் ரன் எடுத்தார்கள், தொடரும் கைவிட்டுப் போயிற்று.

ஜனவரி 11

1938இல் ஹூஸ்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் வளர்ந்தவர். 18 வயதில் தெற்கு மாநிலங்களின் மைனர் லீகுக்கு, அதாவது கீழ்நிலைப் போட்டிகளுக்குப் போகிறார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இடைவேளையில் எல்லோரும் வியர்வை உடையைக் கழற்றிக் குவியலாகப் போட, இவரும் போடுகிறார். உடைகளைக் கவனிக்கும் ஆள் கத்திக்கொண்டு ஓடிவந்து, கறுப்பரின் உடையைக் குச்சியால் தூக்கித் தனியே வைக்கிறான். அது கறுப்பர்களுக்கான சலவைக்கடைக்குப் போய்த் திரும்பும்வரை இவர் உடையில்லாமல் உள்ளே காத்திருக்கிறார். வெளியே மற்றவர்கள் ஆடப் போய்விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

ஜனவரி 12

1969 அக்டோபர். ஃபிலடெல்ஃபியா அணிக்கு உன்னை மாற்றிவிட்டோம் என்று தொலைபேசியில் தகவல். ‘ரிசர்வ்’ விதிப்படி, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே கிளப்புக்குத்தான் சொந்தம். விற்கலாம், மாற்றலாம், அவர் செய்யக்கூடியது ஆட்டத்தை விடுவது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து அல்ல. வருடம் 90,000 டாலர் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று கேட்டவர்களுக்கு, நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார். எனக்கு அந்தக் குச்சி ஞாபகம் வந்தது. கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஜனவரி 16

ரிசர்வ் விதியை எதிர்த்து ஃப்ளட் வழக்குப் போட்டார். வீரர் சங்கத்தின் மார்வின் மில்லர் முன்பே எச்சரித்திருந்தார்: ஜெயித்தாலும் உனக்கு ஒன்றும் கிடைக்காது, ஆடும் வாழ்க்கையும் போய்விடும். மற்ற வீரர்களுக்குப் பயன்படுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார் ஃப்ளட். 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. ஓய்வு பெற்ற வீரர்களான ஜாக்கி ராபின்சனும் ஹேங்க் கிரீன்பர்க்கும் வந்து சாட்சி சொன்னார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. சங்கம் வழக்குச் செலவைக் கொடுத்தது, சரி. ஆள் வரவேண்டாமா?

1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5–3 என்று கைவிரித்தது. தீர்ப்பு எழுதிய பிளாக்மன் பழைய ஆட்டக்காரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயரை வரிசையாக அடுக்குகிறார், ரசிகர் மடல் மாதிரி. ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு இருப்பது முரண் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு, வேண்டுமானால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) திருத்திக்கொள்ளட்டும் என்று முடிக்கிறார்.

ஜனவரி 18

இன்று ஃப்ளட்டின் பிறந்தநாள்.

1971இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டம் ஆடிப் பார்த்தார். பழைய கால்கள் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போய்விட்டார். 1975 டிசம்பரில் வேறு இரண்டு வீரர்களின் முறையீட்டில் தகராறு தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த ரிசர்வ் விதியை உடைத்தார். 1997இல் ஃப்ளட் இறந்தார். அடுத்த வருடம் அவர் பெயரிலேயே காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது.

இன்னொன்றும் உண்டு. 1973இல் வந்த விதி: மேஜர் லீகில் பத்து வருடம், அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் ஆடியவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. ஃப்ளட் கார்டினல்ஸுக்கு ஆடியது 12 வருடம்.