கொம்பு முன்னே, கால் பின்னே

ஜூன் 9, திங்கள்

அப்பாவின் ரிப்போர்ட் வியாழனுக்குள் வந்துவிடும் என்றார்கள்.

வார்டுக்கு வெளியே ஜன்னலோர பெஞ்சில்தான் சிக்னல் நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு அதுதான் ஆபீஸ். சார்ஜரைச் செருக நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

பால் சங்க சாஃப்ட்வேரில் ஒரு புகார். கோபால் என்று தேடினால் உறுப்பினர் இல்லை என்கிறது. பட்டியலை மெதுவாக உருட்டினால் கோபால் இருக்கிறார், போன வாரம் ஊற்றிய பால் கணக்கோடு. செயலாளர் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி, "இவருக்குப் பணம் போட முடியல சார்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். எழுத்துகள் உள்ளே எந்தக் குறியீடாக இருக்கின்றன என்று காட்டும் ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பார்த்ததும் தெரிந்தது. தேடுபவர் அடிக்கும் 'கோ'வில் ஓகாரக்குறி ஒரே குறியீடு, மூன்று பைட். டேட்டாபேஸில் இருக்கும் 'கோ'வில் அதே குறி இரண்டு துண்டாக, இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி, ஆறு பைட். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்தச் சமத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். சும்மா ஒப்பிட்டால் கணினி பைட்டைத்தான் பார்க்கும்.

நாங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் 13-ஆம் பதிப்பிலிருந்து இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க 'நார்மலைஸ்' ஃபங்ஷன் இருக்கிறது. ஒரே வரி வேலை.

அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனை ஊரில் எத்தனை கோபால்களும் கோவிந்தம்மாள்களும் "ரெக்கார்டுல பேர் இல்லையே" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள்? வேலை முடிந்த பிறகும் இதை விட முடியவில்லை.

ஜூன் 11, புதன்

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அப்பா இன்று ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

ரிப்போர்ட் வரவில்லை. கவுன்டரில் கேட்டால் லேபில் கேளுங்கள் என்கிறார்கள், லேபில் கேட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்கிறார்கள்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். அப்பாவுக்கு முதலில் சொன்ன செய்தி அதுதான். "முக்கொம்புக்கு வர மூணு நாள் ஆகும்" என்றார்.

மாலையில் டீம் லீடிடம் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். "தமிழ்ல வச்சா இப்படித்தான் பிரச்சனை வரும், பேரை இங்கிலீஷ்லயே வச்சுக்கலாம்" என்றார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஆங்கிலத்தில் வைத்தால் 'க'வுக்கு ஆளுக்கொரு எழுத்து, 'ப'வுக்கு ஆளுக்கொரு எழுத்து, 'ழ'வுக்கு ஊருக்கொரு வழி. தமிழில் இருக்கும் குழப்பத்துக்கு விதி இருக்கிறது, அதைத் தீர்க்க முடியும். ஆங்கிலத்தில் வரும் குழப்பத்துக்கு எந்த விதியும் கிடையாது. காலையில் ஐந்து மணிக்குப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம், உங்கள் பெயரை நீங்கள் எழுதுகிற மாதிரி எழுதினால் மெஷினுக்குப் புரியாது என்று யார் போய்ச் சொல்வது?

சொன்னதற்கு வருத்தமில்லை.

ஜூன் 13, வெள்ளி, இரவு

தூக்கம் வரவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சர்வருக்குள் போய் வேலை பார்த்தேன். நெட் விட்டுவிட்டு வருகிறது. நெட் அறுந்தாலும் வேலையை சர்வரில் அப்படியே வைத்திருக்கும் டிமக்ஸ் இருப்பதால் விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கிறது.

விம் எடிட்டரை ஃபைல் பெயர் கொடுக்காமல் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வரும். கல்லூரிக் காலத்திலிருந்து பார்த்துவரும் வரி. இன்றுதான் நின்று படித்தேன். பிராம் மூலினார் 1991-ல் வெளியிட்ட கருவி. அவர் உகாண்டாவின் கிபாலேயில் தங்கி வேலை பார்த்தவர். இந்தக் கருவிக்குப் பணம் கேட்காமல், கொடுக்க நினைத்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023 ஆகஸ்டில் இறந்துபோனார். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் செய்த கருவியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகச் செய்த கருவி ஒரு துணைதான். அவருக்கு மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க சாம்பிளை வெளியே அனுப்பியிருக்கிறார்களாம். அதனால்தான் தாமதம். இதை நேற்றே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா எழுந்து உட்கார்ந்தார். இட்லி இரண்டு சாப்பிட்டார். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, "என்ன வேலைடா இது ராப்பகலா?" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

வேறொரு சங்கத்தின் பட்டியல் திறந்திருந்தது. யாரோ பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்து எக்செல்லில் ஒட்டியது. கோபால் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ேகாபால்' என்று இருந்தது.

"எழுத்துக்கு முன்னால என்ன வட்டம் வட்டமா?"

எழுத்து வரிசை மாறியிருக்கிறது என்றேன். உற்றுப் பார்த்தார்.

"சரியாத்தானே அடிச்சிருக்கான். இரட்டைக்கொம்பு, கானா, துணைக்கால்."

போர்வை மேல் விரலை வைத்து அடித்தும் காட்டினார். கோர்ட்டில் அவ்வளவு வருஷம் டைப்பிஸ்டாக இருந்த கை. டைப்ரைட்டரில் இடமிருந்து வலமாகத்தான் போக முடியும். கொம்பு இடது பக்கம் நிற்கிறது, அதனால் அதுதான் முதலில். புள்ளி, சுழி எல்லாம் நகரா விசை. அதை அடித்தால் உருளை நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். யாழ்ப்பாணத்து முத்தையா முதல் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

யூனிகோடு அப்படி இல்லை. கொம்பு எங்கே நின்றாலும் சரி, மெய் முதலில், குறி பிறகு, வாயால் சொல்லும் வரிசை. சேமிப்பது அந்த வரிசையில், திரையில் கொம்பை இடது பக்கம் நகர்த்தி வைப்பது ஹார்ஃப்பஸ் மாதிரியான ஒரு நிரலின் பொறுப்பு. பிடிஎஃப்பில் இருப்பதோ கண்ணுக்குத் தெரியும் வரிசை. காப்பி எடுத்தால் பல நேரம் அதுதான் வருகிறது. அதாவது அப்பாவின் வரிசை.

அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கௌரிய என்ன பண்ணுவ? எங்க மெஷின்ல ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. கொம்பு, கானா, அப்புறம் ளானா தான் அடிப்போம்."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டேட்டாவைத் தேடினால் கெளரிகள் வரிசையாக நிற்கிறார்கள்.

முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று தூங்கப் போகும்போது கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

வந்துவிட்டது. திருவானைக்கோவிலிலிருந்து வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். வலது கரையோரமாகச் செம்மண் நிறத்தில் ஓடுகிறது. போட்டோ எடுத்து அப்பாவுக்குக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரிப்போர்ட் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கௌரி விஷயம். நார்மலைஸ் இதைத் தொடாது. ஔகாரக்குறியின் வலது பாதி வேறு குறியீடு, ள என்ற எழுத்து வேறு குறியீடு. பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றவும் கூடாது. வெள்ளையம்மாள் இருக்கிறார். தெளிவழகன் இருக்கிறார். அங்கே ள உண்மையிலேயே ளதான். இப்போது வைத்திருக்கும் விதி: கொம்பு போட்ட மெய்க்குப் பின்னால் வரும் ள-வுக்குப் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே. வெறும் ள-வாக நின்றால் மட்டும் ஔகாரமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள். கெளதம், செளந்தரம், கெளரி எல்லாம் சிக்கினார்கள், வெள்ளையம்மாள் தப்பித்தார்.

ஸ்ரீ இன்னும் பாக்கி. ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்ததே 2005-ல்தான். அதற்கு முன் எல்லோரும் ஸ போட்டு எழுதினார்கள், இன்றும் பல கீபோர்டு அதையே தருகிறது. திரையில் ஒரே ஸ்ரீ. ஸ்ரீதர், ஸ்ரீரங்கம்மாள், ஜெயஸ்ரீ. திருச்சிப் பக்கம் இது சின்ன விஷயமில்லை.

ஜூன் 18, புதன்

அக்கா துபாயிலிருந்து மணிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாள். சொல்ல ஒன்றும் இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்வது?

ஜூன் 19, வியாழன்

பெயர்களைத் திருத்தி அப்படியே சேமித்துவிடலாம் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். டிஸ்க் மிச்சம், கோட் சுலபம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் அவருடையது. கெளரி என்று கையெழுத்துப் போடுகிறவர் பாஸ்புக்கிலும் அப்படித்தான் இருப்பார். அதை நம் வசதிக்காக மாற்ற நாம் யார்? கொடுத்த பெயர் ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும், தேடுவதற்கென்று பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை வைத்துக்கொள்வோம். திருத்தமெல்லாம் அங்கே மட்டும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. திருத்திச் சேமித்தால் இரண்டு கோபால்கள் ஒரே கோபாலாகத் தெரிவார்கள். ஒரே ஊர், ஒரே தகப்பன் பெயர் என்றால் டூப்ளிகேட் என்று ஒருவரைத் தூக்கிவிட எந்த கிளார்க்குக்கும் கை வரும். தூக்கப்பட்டவர் மாட்டை விட்டுவிட்டு வந்து நிற்க முடியாது.

அப்பாவின் படுக்கைத் தலைமாட்டில் மாட்டியிருக்கும் அட்டையில் அவர் பெயரில் ஓர் எழுத்து தப்பு. சிஸ்டரிடம் சொல்லித் திருத்தச் சொன்னேன். பேனாவால் அடித்து மேலே எழுதினார். போதாது, கம்ப்யூட்டரிலும் மாற்றுங்கள் என்று நின்றேன். மாற்றி, புது அட்டை அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தேன். ரிப்போர்ட் அந்தப் பெயரில்தானே வரும்.

ஜூன் 20, வெள்ளி

திங்கட்கிழமை என்கிறார்கள்.

ஜூன் 21, சனி

தேடல் நெடுவரிசை வேலை செய்கிறது. செயலாளர் போன் பண்ணினார். கோபாலுக்குப் பணம் போய்விட்டது. "சார், அப்படியே வரிசையையும் பாருங்க. றானாவும் னானாவும் நடுவுல வருது" என்றார். சரியாகச் சொன்னார். குறியீட்டு எண்படி அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன வந்துவிடும், ர-வுக்கு அடுத்து ற. நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசி. தமிழ் வரிசை தெரிந்த கொலேஷன், அதாவது அடுக்கும் விதி, போஸ்ட்கிரெஸ்ஸிலேயே இருக்கிறது, சொன்னால் போதும். அச்சடித்த பட்டியலில் விரலை வைத்துத் தேடும் மனிதருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்.

அப்பாவிடம் சொன்னேன். காய்ச்சல் இருந்தது, கேட்டாரா என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. முகம் வழித்துவிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், நடுவில் நிறுத்தி, "நாளைக்கு நானும் வரணுமா உள்ள?" என்றாள். வரணும்மா என்றேன்.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரையும்.

அதற்குள் பழைய சங்கத்தின் ஃபைலை ஆரம்பித்தேன். முழுக்க பாமினி எழுத்துரு. திரையில் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. கொம்பு முதலில் வரும், அப்பாவின் வரிசை. மாற்றும்போது கொம்பை அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ள வேண்டும், பின்னாடி கால் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓகாரமாக்க வேண்டும், ளானா இருந்தால் அப்பா சொன்ன கௌரி. ஐகாரக்குறியும் இப்படித்தானே முன்னால் நிற்கும்? அதை அவரிடம் கேட்டுவிட்டு