ஊசிக்கு முன்பே இருந்த பிழை

"புதுக் காபரேட்டர் ஒண்டு வாங்கிப் போட்டா சரிவருமா தம்பி?"

"வரும் ஐயா."

பேச்சு இவ்வளவுதான். மட்டக்களப்பு மண்முனைப் பாலம் தாண்டி, சீடி 90 பைக் ஒன்றைப் பாதி ஓட்டியும் பாதி உருட்டியும் கொண்டுவந்த ஒரு வெள்ளாமைக்காரருக்கு, பைக் திருத்துகிற நான் சொன்ன பதில். பொய் சொல்லவில்லை. தெரிந்து சொல்கிறேன் என்றே அப்போது நினைத்தேன். ஆனாலும் அந்த "வரும்" இன்னும் மனதை அரிக்கிறது.

பைக்கின் குறை இதுதான். காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை விட்டால் நின்றுவிடும். ரேஸ் கொடுத்துக் கையை எடுத்தால் சத்தம் உடனே இறங்காது. கொஞ்ச நேரம் மேலேயே நின்று, பிறகுதான் விழும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் குறைவு, காற்றுக் கூட என்று விளங்கும். அதற்கு இடம் இரண்டு. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள், ரேஸ் கொடுக்காதபோது பெற்றோல் வரும் சிறு துளையான ஸ்லோ ஜெட் அடைத்துப் பெற்றோல் வராமல் இருக்கலாம். அல்லது காபரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில் எங்கோ களவாகக் காற்று இழுக்கலாம். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல.

ஐயா வீட்டில் ஒரு தரம் கழற்றிக் கழுவியிருந்தார். "மறுகாவும் அப்படியேதான் நிக்குது" என்றார். காபரேட்டரின் அடிக்கிண்ணமான பௌலைத் திறந்து ஸ்லோ ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஓட்டை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுபட்டுக் கோழிமுட்டை மாதிரிக் கிடந்தது.

"ஊசி போட்டீங்களா ஐயா?"

"மகள்ட தையல் ஊசிதான் தம்பி. அடைச்சிருக்கெண்டு குத்தினன்."

அதோடு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஜெட் கெட்டது உண்மை. 38 என்று எண் போட்ட ஸ்லோ ஜெட்டின் துளை 0.38 மில்லிமீற்றர். தையல் ஊசி அதைவிடத் தடிப்பு. ஜெட் பித்தளை, ஊசி உருக்கு. ஒரு தரம் குத்தித் திருகினாலே துளை அகன்றுவிடும், மறுபடி சுருக்க ஏலாது. வயர் ஒன்றைச் சீவி உள்ளிருக்கும் செப்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, திருகாமல் நேராக விட்டு எடுக்க வேண்டும். செப்பு பித்தளையைவிட மெது, ஜெட்டைக் கீறாது. சைக்கிள் பம்பால் ஊதினாலே பாதி அடைப்புப் போகும். ஊதும்போது முகத்தை விலக்கிப் பிடியுங்கள், ஒளிந்திருக்கும் பெற்றோல் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

இத்தனையும் சரி. ஆனால் பிளக்கையும் நான் கழற்றிப் பார்த்திருந்தேன். நுனி வெள்ளையாக இருந்தது, சுண்ணாம்பு பூசினாற்போல. ஊசி குத்தி ஓட்டை பெருத்திருந்தால் பெற்றோல் கூடத்தான் வந்திருக்க வேண்டும், பிளக் கறுத்திருக்க வேண்டும். வெள்ளைப் பிளக்கும் பெருத்த ஜெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தேன், பொருத்திப் பார்க்கவில்லை.

அதைவிட எளிதான கணக்கு ஒன்று இருந்தது. பைக் நின்று நின்று போனதால்தான் அவர் காபரேட்டரைத் திறந்தார். திறந்த பிறகுதான் ஊசி வந்தது. பிந்தி வந்த ஊசி, முந்தி வந்த குறைக்கு எப்படிக் காரணமாகும்? வீட்டில் ஆள் கைவைத்த வண்டி வந்தால் ஆள் செய்த பிழைதான் முதலில் கண்ணில் படுகிறது. அதற்கு முன்பே இருந்த பிழை அதன் பின்னால் மறைந்துவிடுகிறது.

என் பக்கம் சொல்லவும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளாமை வெட்டு நேரம், அவர் வயலுக்கும் வீட்டுக்கும் நாளில் நாலு தரம் போக வேண்டும். பழைய வண்டிக்கு எண் பார்த்து ஜெட் தேடுவதென்றால் ரவுனில் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். முழுக் காபரேட்டர் உடனே கிடைக்கும். உப்புக் காற்றில் பழையதின் உடம்பில் வெள்ளைப் பூவும் பூத்திருந்தது. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த வெள்ளைப் பூ வெளியில் மட்டும்தான். ரேஸ் கொடுக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைட் ஆடவில்லை. பௌல் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்தும் மிதவை ஊசியின் கூம்பில் கோடு விழவில்லை. பெற்றோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதியபோது நேராகப் பிடித்தால் காற்றுப் போனது, தலைகீழாகப் பிடித்தால் நின்றது. அது நல்ல காபரேட்டர்.

புதியதைப் பூட்டினேன். ஸ்லோ, அதாவது ரேஸ் கொடுக்காத ஓட்டம், நிலைக்கவில்லை. கலவையைச் சரிசெய்யும் ஏயார் ஸ்குரூவை உள்ளே திருகத் திருகத்தான் நிலைத்தது. வழமையாக முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் எஞ்சின் சீராக ஓட வேண்டும். இங்கே அரைச் சுற்றிலேதான் நிலைத்தது. ஸ்குரூ காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் உள்ளே திருகும்போது பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே எடுக்கும்போது கூடும். எந்தப் பக்கம் இருந்தாலும், இப்படி வழமையைவிட்டு வெகுதூரம் போய்த்தான் ஸ்லோ நிலைக்கிறதென்றால் பிழை ஸ்குரூவில் இல்லை. அதுவும் தெரியும். ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்குரூவை ஒரு சொட்டுக் கூட்டிவிட்டு அனுப்பினேன்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தார். பெற்றோல் குடிக்கிறது, ரேஸ் இறங்குதில்லை. அன்றைக்குத்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். எஞ்சினை ஸ்லோவில் விட்டு, தண்ணீர்ப் போத்தலால், காபரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் இன்லெட் பைப்பின் மூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். காபரேட்டர் பக்கத்து மூட்டில் மாற்றம் இல்லை. ஹெட்டோடு சேரும் மூட்டில் தண்ணீர் பட்டதும் சத்தம் தடுமாறியது, காற்று இழுத்த இடம் அதுதான். இதற்குப் பெற்றோல் தெளிப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது, தண்ணீர் போதும். கழற்றினால் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சிரட்டைபோல இறுகிக் கிடந்தது. வளைத்தேன், உடைந்தது. புதிது ஒன்று போட்டு நட் இரண்டையும் மாறி மாறி, அளவாக இறுக்கினேன். கூட இறுக்கினால் பைப்பின் காது வளைந்து வேறொரு இடத்தில் காற்று இழுக்கும். ஸ்குரூ ஒன்றரைச் சுற்றுக்கு வந்தது. பைக் ஸ்லோவில் பூனை மாதிரி நின்றது.

"அப்ப முதல்லயும் இதுதானா தம்பி?"

"ரெண்டும்தான் ஐயா" என்றேன்.

பாதி உண்மை. ஜெட்டும் கெட்டுத்தான் இருந்தது, ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. கூலி வாங்கவில்லை. அது பதிலாகுமா என்று தெரியவில்லை.

இப்போது சோக்கில் மட்டும் ஓடும் பைக் வந்தால் காபரேட்டரைத் திறக்க முன் தண்ணீர்ப் போத்தலைத்தான் எடுக்கிறேன். வீட்டில் பார்ப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பெற்றோல் டெப்பை மூடி, பௌலில் உள்ளதைக் கண்ணாடிக் கிளாசில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் மணியாக உருளும், ரேங்க் துரு இருந்தால் மண்ணிறத்தில் படியும். வேலையை அடுப்படியில் வைக்காதீர்கள், முற்றத்தில் வையுங்கள். ஸ்குரூவைக் கழற்ற முன் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். பழைய காபரேட்டர்கள் பல துத்தநாகக் கலப்பு வார்ப்பு, புளித்தண்ணியில் ஊறப்போட்டால் உடம்பையே தின்றுவிடும்.

ஆனால் இந்த ஒழுங்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், எரிபொருள் பங்கீட்டுக் கியூஆரில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வந்த நாட்களில் நிறுத்திவைத்த வண்டிகள் பிறகு வந்தபோது, இதே குறைதான், இதே வெள்ளைப் பிளக்தான். மூட்டெல்லாம் நன்றாக இருக்கும். பௌலுக்குள் பெற்றோல் காய்ந்து பிசினாகி ஸ்லோ ஜெட்டை அடைத்திருக்கும். அந்த வண்டிகளில் காபரேட்டரை முதலில் திறந்தவன்தான் சரி. ஐயாவின் வண்டியும் அந்த வருடம் நின்ற வண்டியாக இருந்திருந்தால் என் "வரும்" பலித்திருக்கும். அப்போதும் நான் பார்த்திருக்க மாட்டேன், அதிர்ஷ்டம்தான் பார்த்திருக்கும்.

பழைய காபரேட்டரை அவர் சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுபோனார். "வெச்சிருங்க ஐயா, எறிஞ்சிராதீங்க" என்று சொல்லியிருந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. 38 ஸ்லோ ஜெட் ஒன்று வாங்கி ஸ்பானர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். போன போகத்திலும் அவர் வரவில்லை, நானும் பாலத்துக்கு அங்கால் போகவில்லை.